எழுபத்தைந்து மார்க்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது இடது குதிகாலில் ஆணி இறங்குகிற மாதிரி ஒரு வலி எனக்கு உண்டு. பத்து எட்டு நடந்தால் அடங்கிவிடும். இருபத்திரண்டு வருடம் சிமெண்டுத் தரையில் நின்றே வேலை பார்த்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் மூன்று நாளாக என்னை நாற்காலியில் உட்கார வைத்தே கேள்வி கேட்கிறீர்களா, எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் அது முதல் அடியாகவே ஆகிவிடுகிறது. அதனால் உட்கார்ந்தபடியே எழுதி முடித்துவிடுகிறேன். வெள்ளைத் தாளும் பேனாவும் தந்து, "நடந்தத நடந்தபடி எழுதுங்க சார், அவசரமில்ல" என்றீர்கள். குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். நானும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தத் தாளை வேறு யாராவது படிக்கக்கூடும் என்பதால் என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விபத்துப் பிரிவில் நான் மூத்த நர்ஸ். அடிபட்டு வருகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டு எழுதுவது என் பொறுப்பு. உடம்பை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்வோம். தலையும் கழுத்தும் ஒன்று, முகம் ஒன்று, மார்பு, வயிறு, இடுப்பெலும்போடு சேர்த்துக் கை கால், கடைசியில் மேல்தோல். ஒவ்வொரு பகுதியிலும் எது மோசமான காயமோ அதற்கு ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் எண். ஒன்று என்றால் சிராய்ப்பு. ஐந்து என்றால் பிழைப்பது கஷ்டம். ஆறு என்றால் கை வைத்துப் பிரயோசனமில்லை. மிக மோசமான மூன்று பகுதிகளின் எண்ணை எடுத்து, ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் அந்த ஆளின் மதிப்பெண் வந்துவிடும். எங்கேயாவது ஓர் ஆறு விழுந்துவிட்டால் பெருக்கலும் இல்லை, கூட்டலும் இல்லை. நேராக எழுபத்தைந்து. அதற்கு மேல் எண் கிடையாது.

அதிக மார்க் வாங்குகிறவர் ஃபெயிலாகிற பரீட்சை இது ஒன்றுதான். அதனால் பிரிவில் எல்லோருக்கும் நான் வாத்தியார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"என்ன வாத்தியாரே, இவரு பாஸா?"

"முதல்ல எழுதி முடிக்கட்டும்ப்பா."

"பாத்துப் போடுங்க. போன தடவ நீங்க இருபத்தஞ்சு போட்ட ஆளு நேத்து கடத்தெருவுல என்கிட்ட பீடி கேட்டான்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். சிரிக்காமல் அந்த இடத்தில் ஒரு வாரம் தாங்க முடியாது.

மற்ற ஊர்களில் இந்த மதிப்பெண்ணை எல்லாம் முடிந்தபிறகு, ஆராய்ச்சிக்காக எழுதுகிறார்களாம். நீங்கள்தான் சொன்னீர்கள். எங்களிடம் அது வாசல் சாவி. எங்கள் ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு இருப்பது ஒரே ஒரு ஆபரேஷன் மேசை. யார் முதலில், யார் அடுத்து என்பதற்குச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். ஐம்பதுக்குக் கீழே என்றால் வரிசைப்படி உள்ளே. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் பெரிய டாக்டர் வந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும். எழுபத்தைந்து என்றால் வராந்தாவின் கடைசியில் இருக்கும் அறை. அதன் பலகையில் கண்காணிப்பு அறை என்று எழுதியிருக்கும். நாங்கள் கடைசி ரூம் என்போம். அங்கே வலிக்கு மருந்து உண்டு, சொந்தக்காரர்களுக்கு நாற்காலி உண்டு, ஜன்னல் உண்டு. ரத்தம் ஏற்றமாட்டார்கள், ஏனென்றால் ரத்தம் அளவாகத்தான் இருக்கும்.

எண்ணைப் போடுவது டாக்டர்தான் என்று விதி. நடப்பு வேறு. ஸ்கேன் பார்க்கும் சின்ன டாக்டர் அடுத்த ஸ்ட்ரெச்சருக்கு ஓடிக்கொண்டே, "மார்பு மூணு, வயிறு நாலு, கால் மூணு" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் எழுதிக்கொள்வேன். கையெழுத்துக்கு அவரைத் தேடி அலைய முடியாது என்பதால், டியூட்டிக்கு வந்த உடனேயே முப்பது வெற்றுத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிடுவார். மாதத்துக்கு ஒரு புதிய சின்ன டாக்டர் வருவார். வருகிறவருக்கு இந்த வழக்கத்தைச் சொல்லித் தருவதும் நான்தான். ஆபரேஷன் செய்யும் டாக்டர் தாளில் வேறெதையும் படிக்கமாட்டார். வலது மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் நான் எழுதும் எண்ணை மட்டும் பார்ப்பார்.

அதை யாரும் குறை சொல்ல முடியாது. கையில் கத்தியோடு நிற்கிறவர் எவ்வளவுதான் படிப்பார்.

என் அப்பா மூட்டை தூக்கினார். நானும் பதினாறு வயதிலிருந்து இருபது வரை தூக்கினேன். அந்தக் கூலியில்தான் நர்ஸ் படிப்பு படித்தேன். அண்ணன் படிக்கவில்லை. கல் உடைக்கும் கிரஷரில் சேர்ந்தார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் முற்பகலில் ஸ்ட்ரெச்சரில் இருந்த ஆளின் முகத்தைத் துடைத்தபோது, கல்மாவுக்கு அடியில் அண்ணன் முகம் வந்தது. கிரஷர் பெல்ட் இழுத்துப் போட்டிருந்தது. முதுகுத்தண்டோடு சேர்த்து மார்பு ஐந்து, வயிறு நாலு, கால் மூன்று. இருபத்தைந்து, பதினாறு, ஒன்பது. ஐம்பது. பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை.

மார்புக்கு நாலு என்று எழுதினேன். நாற்பத்தொன்று ஆயிற்று. அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். அன்று அவருக்குப் பின்னால் வெளியே காத்திருந்தது யார் என்று நான் கேட்டதில்லை.

அண்ணன் பதினோரு மாதம் இருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அண்ணி பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். அதற்காக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கித் தந்தேன். புண் வந்துதான் தீர்ந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணியின் உள்ளங்கையைப் பார்ப்பேன். சோப்பிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிப்போய், உரித்த வெங்காயம் மாதிரி இருக்கும். ஒரு மத்தியானம் துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கே போயிருந்தா அவருக்கும் நிம்மதி தம்பி. எங்களுக்கும் நிம்மதி."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான்கு வருடம் அந்த வாக்கியத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

நியாயமாக எழுத வேண்டும் என்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கட்டிலை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, கிரஷரிலிருந்து போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பார். நான் உள்ளே நுழைந்ததும், "டேய் வாத்தி, இன்னிக்கு நாப்பத்தி மூணு லோடு. நான் இல்லாமயே ஓடுது பாரு கழுத" என்பார். சொல்லிவிட்டு இருமல் வரும் வரைக்கும் சிரிப்பார். அவர் போனபிறகு அண்ணி ஒரு வருடம் அந்தக் கட்டிலை மடக்கவில்லை. கடிகாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருந்தது. "நிறுத்திடலாமே அண்ணி" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும் தம்பி, அவர் புரளுற நேரம்" என்றார். இதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. களைப்பின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எண் சம்பந்தப்பட்டதில் நான் கெட்டிக்காரன். மற்றதில் சுமார்தான்.

முதல் ஆள் ஒரு மூட்டை தூக்குகிறவர். அண்ணன் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. மேலிருந்து அடுக்கு சரிந்து அவர் தலைமீது விழுந்திருந்தது. சின்ன டாக்டர் தலைக்கு ஐந்து என்றார். மற்றதோடு சேர்த்தால் முப்பத்தெட்டு. வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். கல்யாணமாகாத இரண்டு பெண்கள். அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். பதினோரு மாதத்தில் அது என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஐந்தை எழுத வேண்டிய இடத்தில் ஆறு எழுதினேன். பேனா தயங்கவில்லை.

அவரைக் கடைசி ரூமுக்கு நானே தள்ளிக்கொண்டுபோனேன். முகம் கழுவினேன். தலைக்கட்டை மாற்றி, காயம் தெரியாமல் துணி சுற்றினேன். அந்த அம்மாவை உட்காரவைத்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் மூச்சு நின்றது. அமைதியாக இருந்தது. அந்த அம்மா என் காலைத் தொடப் பார்த்தார், நான் தடுத்தேன். அன்று மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், தூக்கம் கெட்டதா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். கெடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு லாரி டிரைவர். கிணறு தோண்டுகிறவர் ஒருவர். மரம் அறுக்கிற ஒருவர். முதலில் எல்லாம் ஐந்தைத்தான் ஆறாக்கினேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் என்ன பெரிய தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் நாலை ஆறாக்கினேன். அன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பதிவேட்டுக்குப் பரிசு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரியிலும் மதிப்பெண் சொன்னதற்கும் நடந்ததற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்குமாம். பிழைக்கமாட்டார் என்று எழுதிய சிலர் எழுந்து நடந்துவிடுவார்களாம். எங்களிடம் அப்படி நடக்கவே இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை என் மேசைக்கு மேலேயே மாட்டினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பதிவேட்டைச் சரிபார்க்க நீங்கள் முதல் தடவை வந்தபோது, உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, "உங்க ரெஜிஸ்டர் தப்பவே மாட்டேங்குதே சார்" என்றீர்கள். நான், "நன்றி மேடம்" என்றேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

உள்ளே போகாத ஆள் இறந்துபோவார். இறந்துபோனதால் நான் எழுதியது சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க நீங்கள் வர வேண்டியிருந்தது. எனக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இனி சித்தாளைப் பற்றி எழுத வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள்.

நாலு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் அவள் என்றே எழுதுகிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டடத்தில் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று கலவைச் சட்டியை மேலே கொடுத்துக்கொண்டிருந்தவள், பலகை பெயர்ந்து கீழே மணலில் விழுந்திருந்தாள். மணல் என்பதால் தலை தப்பியது. தலையில் வைத்த சும்மாடு அப்போதும் கையில் இருந்தது. சின்ன டாக்டர், "மார்பு மூணு, வயிறு நாலு, இடுப்பெலும்பு மூணு. மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, சீக்கிரம் உள்ள அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் மோதி வந்த நான்கு பேரைப் பார்க்க ஓடினார்.

ஒன்பது, பதினாறு, ஒன்பது. முப்பத்துநான்கு. இதைவிட மோசமாக வந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அவள் இடுப்பைப் பார்த்தேன். இனி இந்த இடுப்பு சுமை தாங்காது. கூட வந்த பெண்ணிடம் விசாரித்தேன். புருஷன் கொத்தனார், வேறொரு இடத்தில் பூச்சு வேலை. இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில். ஒற்றை அறை வீடு, மாடிப்படி ஏற வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை, ஆனால் எனக்கு அது தெரியும். கட்டில் எங்கே போடுவார்கள், யார் வேலையை விடுவார்கள், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தும், எல்லாம் தெரியும். வயிற்றுக்கு ஆறு எழுதினேன். சிவப்பு வட்டத்தில் எழுபத்தைந்து எழுதினேன். அவளைக் கடைசி ரூமுக்குத் தள்ளிக்கொண்டுபோனேன்.

அவளுக்கு முன் நான் எண்ணை மாற்றி இங்கே அனுப்பிய பதினெட்டுப் பேரும் பேசவில்லை. இவள் பேசினாள்.

"அண்ணே, எப்ப உள்ள கூட்டிட்டுப் போவாங்க?"

"போயிடலாம்மா. கொஞ்சம் பொறு."

"தண்ணி தரீங்களா?"

"இப்பக் கூடாதும்மா. உதட்ட நனைச்சு விடுறேன்."

நனைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு ஒடஞ்சிருச்சாண்ணே? மறைக்காமச் சொல்லுங்க."

"ஆமாம்மா."

"இனிமே சட்டி தூக்க முடியாதில்ல?"

"முடியாதும்மா."

"சரி விடுங்க. உக்காந்துகிட்டே மணல் சலிப்பேன். எங்க சைட்டுல ஒரு அக்கா அப்படித்தான், ஒரு கால் கிடையாது. அந்தக்கா வாய்க்கு மேஸ்திரியே பயப்படுவான்." அதைச் சொல்லும்போது வலியோடே சிரித்தாள். "முடிய மட்டும் கொஞ்சம் தூக்கிக் கட்டி விடுங்கண்ணே. கழுத்தெல்லாம் மண்ணு."

அங்கே டியூட்டியில் இருந்த நர்ஸ் முடியைத் தூக்கிக் கட்டினாள். கட்டியதை நேரம் போட்டுக் குறிப்பிலும் எழுதினாள். பதினொன்று இருபது: நோயாளி நினைவுடன் பேசுகிறார், முடியைக் கட்டிவிடக் கேட்டார். புது நர்ஸ் என்பதால் எல்லாவற்றையும் எழுதுவாள். வயிற்றில் ஆறு வாங்கிய ஒருவர் முடியைக் கட்டிவிடச் சொல்லமாட்டார் என்று உங்களுக்குத் தோன்றியது அந்த வரியைப் படித்துத்தான் என்று சொன்னீர்கள். அந்தப் பெண்ணை யாரும் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் அவள் அப்போதே கேட்டாள், "சார், இவங்க நல்லாப் பேசுறாங்களே, நம்பர் சரிதானா?" என்று. நான், "எல்லாரும் கடைசியில கொஞ்சம் தெளிவா இருப்பாங்கம்மா, நீ புதுசு" என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு நான் என் மேசைக்கு வந்திருந்தேன். ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். பஸ் விபத்தில் வந்த நான்கு பேரில் ஒருவருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்பட்டது. அது நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்திருந்தது.

"வாத்தியாரே, டேபிள் காலி. அடுத்து யாரு?"

நீங்கள் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டீர்கள். பதினொன்று நாற்பதைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. உங்களுக்கு அது தெரியாது. டாக்டருக்கே நினைவிருக்காது.

அவள் வந்து ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. நாடி வேகமாக இருந்தது, ஆனால் இருந்தது. ஆறை அடித்துவிட்டு நாலு என்று எழுத இரண்டு நொடி. ஆனால் எங்கள் தாளில் எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் காரணம் எழுதி, பெரிய டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஓர் ஆறு எப்படி நாலாயிற்று என்று அவர் கேட்பார். கேட்டுவிட்டு, மற்ற ஆறுகளையும் எடுத்துவரச் சொல்வார்.

அந்த நேரத்தில் அண்ணன் என் நினைவுக்கு வரவில்லை. அண்ணியின் கை வரவில்லை. அந்த ஒற்றை அறை வீடும் வரவில்லை. பெரிய டாக்டரின் மேசை வந்தது, அதன்மேல் பதினெட்டுத் தாள் வந்தது.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

"அப்ப ஒரு டீ குடிச்சிட்டு வரேன். எதாவது வந்தா கூப்பிடுங்க."

"சரிங்க சார்."

நான் கடைசி ரூமுக்குத் திரும்பிப் போனேன்.

பன்னிரண்டரைக்குக் கொத்தனார் வந்தார். முழங்கை வரை சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது. கழுவக்கூட நிற்கவில்லை. அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"யாரு உங்கள வரச் சொன்னது? பாதிச் செவுரு பூசி அப்படியே போட்டுட்டு வந்துட்டீங்களா? காஞ்சு போயிடுமே."

"காஞ்சா காயட்டும்."

"நாளைக்குக் கொத்திட்டுத் திரும்பப் பூசணும். ஒட்டுத் தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும். நீ பேசாம இரு."

"நான் பேசாம இருந்தா உங்களுக்குத்தான் பயமா இருக்கும்."

 அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிமெண்டுத் துகள் போர்வையில் உதிர்ந்தது. அவள் அதைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்குப் பிறகு தட்டுவது நின்றது. குளிர்கிறது என்றாள். பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். ஒன்று ஐம்பதுக்கு முடிந்தது. நர்ஸ் அதையும் நேரம் போட்டு எழுதினாள்.

கொத்தனார் வெளியே வந்து என் எதிரில் நின்றார். எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கூடவே இருந்தீங்கன்னு சொல்லுச்சுங்க. பெரிய மனசு உங்களுக்கு" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாள்களை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஆறு போடவில்லை. மனம் திருந்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பயந்துவிட்டேன் என்பதுதான் சரி.

நேற்று நீங்கள் அந்தப் பத்தொன்பது தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்தீர்கள். "எல்லாருமே கைவேலக்காரங்க சார். மூட்டை, லாரி, கிணறு, சாரம். ஒரு ஆபீஸர் இல்ல, ஒரு கடைக்காரர் இல்ல. அவங்களுக்கெல்லாம் நீங்க ஆறு போடவே இல்லையே, ஏன்?" என்றீர்கள். அந்த வீடுகள் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அந்தப் பதில் எனக்கு அப்போது சரியாகத்தான் பட்டது. என் ஜனங்களின் கஷ்டம் எனக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில் சொன்னேன். படுக்கையில் புரண்டு யோசித்தபோதுதான் மற்ற அர்த்தம் தெரிந்தது. கடைக்காரருக்கு நான் நாலை நாலு என்றுதான் எழுதினேன். அவர் வீட்டுக்கு என்ன ஆகும் என்று நான் தீர்மானிக்கவில்லை. அவரிடம் எனக்கு மரியாதை இருந்தது.

இன்று காலை, ஸ்கேனில் கண்ட உண்மையான எண்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டதாகச் சொன்னீர்கள்.

"பத்தொன்பது பேர்ல எட்டுப் பேர் பிழைச்சிருக்கணும் சார்."

"எந்த எட்டுப் பேர் மேடம்?"

"அது கணக்குக்குத் தெரியாது. நூறு பேரப் பத்தித்தான் அது சொல்லும், ஒரு ஆளப் பத்திச் சொல்லாது. இத்தன வருஷம் எழுதியிருக்கீங்க, இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பயிற்சியின் முதல் நாள் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். வருகிற புது நர்ஸுகளுக்கு நானே சொல்லித் தந்திருக்கிறேன்.

பதினெட்டுப் பேரைப் பற்றி நான் பொய் சொல்ல முடியும். அண்ணனைச் சொல்லலாம், அண்ணியைச் சொல்லலாம், இரக்கம் என்று சொல்லலாம். நீங்கள் நம்பாவிட்டாலும் நான் நம்பிக்கொள்வேன். யார் அந்த எட்டில், யார் அந்தப் பதினொன்றில் என்று தெரியாத வரை எனக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. அவள் விஷயத்தில் இல்லை. கணக்குக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எட்டுப் பேரில் அவள் ஒருத்தி. அவளை நான் கொன்றது இரக்கப்பட்டு இல்லை. நான் எழுதிய எண்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கொன்றேன்.

கொத்தனாரை நாளை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். இந்தத் தாளை அவரிடம் படித்துக் காட்டுங்கள். படிப்பதற்கு நேரமில்லை என்றால் இதை மட்டும் சொல்லுங்கள். அந்தத் திங்கட்கிழமை பதினொன்று நாற்பதிலிருந்து ஒன்று ஐம்பது வரை அவசர ஆபரேஷன் மேசை காலியாகக் கிடந்தது. அந்த இரண்டு மணி பத்து நிமிடம் அவர் மனைவிக்குச் சேர வேண்டியது. நான் இன்னும் அதைக் கொடுக்கவில்லை.